மூணாவது செமஸ்டர் பதிவு: நாளை மதியம் கடைசி

குழு: நம்ம வீடு

கவின் [இரவு 8:41]: நாளைக்கு மதியம் 12க்குள்ள மூணாவது செமஸ்டர் பாடம் பதிவு பண்ணணும். டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸை அஞ்சாவது செமஸ்டருக்குத் தள்ளிடலாம்னு இருக்கேன். அதுக்குப் பதிலா ரெண்டு ஹியூமானிட்டீஸ் எலக்டிவ். ஜிபிஏ கொஞ்சம் ஏறும்

சுமதி [8:43]: எனக்கும் சரின்னுதான் படுது. போன செமஸ்டர் கணக்குல ரொம்பத் திண்டாடிட்டான். மூச்சு விடட்டும்

கவின் [8:44]: எலக்ட்ரிகல்-கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் பட்டத்துக்கு மொத்தம் 128 கிரெடிட் முடிக்கணும். எந்த வரிசைல முடிச்சா என்னன்னு தோணுது

நிலா [8:52]: கவின், பதிவு பண்ணிடாத. ஆபீஸ்லேர்ந்து இப்பதான் கிளம்பறேன், வீட்டுக்குப் போய் எழுதறேன்

நிலா [9:31]: சித்தி, கவின் ரெண்டு பேரும் பொறுமையா படிங்க.

128ங்கறது கடைசில கூட்டிப் பாக்கற எண். டிகிரியோட எலும்புக்கூடு முன்தேவைப் பாடங்கள்ல இருக்கு, அதாவது ஒன்னை முடிச்சாதான் அடுத்ததை எடுக்க முடியும்ங்கற பாடங்கள். ஒரு தாள் எடுத்து வலது ஓரத்துல "இறுதியாண்டு ப்ராஜெக்ட்"னு எழுதி, அங்கேர்ந்து பின்னாடி வா. ப்ராஜெக்டுக்குள்ள நுழைய கன்ட்ரோல், கம்யூனிகேஷன் மாதிரி மேல்நிலைப் பாடம் ஒன்னாவது முடிச்சிருக்கணும். அதுக்கு சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் வேணும். சிக்னல்ஸுக்கு சர்க்யூட்ஸும் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸும் வேணும். நீ தள்ளப் பாக்கறது இந்தச் சங்கிலியோட முதல் கண்ணி.

உங்க கையேட்டைப் பாத்தேன். சிக்னல்ஸ் வருஷத்துக்கு ஒரு தடவைதான், இரட்டைப்படை செமஸ்டர்ல. ஈக்வேஷன்ஸ் அஞ்சுல எடுத்தா சிக்னல்ஸ் ஆறுல, கன்ட்ரோல் ஏழுல. ப்ராஜெக்ட் ஒற்றைப்படை செமஸ்டர்ல மட்டும் ஆரம்பிக்குது, ரெண்டு செமஸ்டர் ஓடுது. அப்ப ஒன்பதுலதான் தொடங்குவ, பத்துல முடிப்ப. ஒரு முழு வருஷம் போயிடும்.

சுமதி [9:33]: ஐயோ. ஒரு பாடத்துக்கா?

நிலா [9:36]: ஆமா சித்தி. எனக்கு நடந்ததே இதுதான். ரெண்டாம் வருஷம் காய்ச்சல்ல ஒரு பாடத்தை விட்டேன். "அப்புறம் எடுத்துக்கலாம்"னு ஆலோசகர் சொன்னார், நானும் நம்பிட்டேன். கூடப் படிச்சவங்க பட்டம் வாங்கின அன்னிக்கு நான் லேப்ல உக்காந்து அழுதேன். வீட்ல முழுக் காரணம் அப்ப சொல்லல. இவனுக்கு அது வரக்கூடாது

சேகர் [9:38]: நிலா, இது எங்களுக்குத் தெரியவே தெரியாதேம்மா

கவின் [9:40]: சாரிக்கா. ஆனா அந்தப் பாடம் நிஜமாவே பயமா இருக்கு. எதுக்குப் படிக்கறோம்னே புரியல

தாத்தா [9:42]: வகைக்கெழுச் சமன்பாட்டுக்கா பயப்படுற? நான் 30 வருஷம் நடத்தினது அதுதான்டா. எனக்கு வேற ஒரு சந்தேகம். எலக்ட்ரிகல் தனி, கம்ப்யூட்டர் தனிதானே? ரெண்டையும் ஏன் ஒரே பட்டமா வச்சிருக்காங்க?

நிலா [9:49]: தாத்தா, உங்களுக்குப் பூலியன் இயற்கணிதம் தெரியும், உண்மை, பொய் ரெண்டை மட்டும் வச்சு ஜார்ஜ் பூல் உருவாக்கின கணக்கு. 1937ல கிளாட் ஷானன் எம்.ஐ.டி.ல முதுகலை ஆய்வேடு எழுதினார். ரிலே சுவிட்சுகளை இணைக்கற முறையை பூலோட இயற்கணிதத்துல அப்படியே எழுதலாம்னு காட்டினார். தொடர் இணைப்பு, பக்க இணைப்பு ரெண்டும் தர்க்கமா மாறிடுச்சு. டிஜிட்டல் சர்க்யூட் வடிவமைப்பு அங்கேர்ந்துதான் வளந்துச்சு. நான் வேலைல தினம் சரிபார்க்கற சிப்புல லாஜிக்கும் இருக்கு, அந்த லாஜிக் ஓடற கம்பில வோல்டேஜ் ஏற எடுத்துக்கற நேரமும் இருக்கு. ஒன்னை மட்டும் படிச்சவங்களால இன்னொன்னுல வர்ற தப்பைப் பிடிக்க முடியாது

நிலா [9:51]: கவின், ஷானனுக்கு அந்தத் தர்க்கம் அறிமுகமானது மிச்சிகன்ல இளநிலை படிக்கும்போது எடுத்த தத்துவப் பாடத்துல. அதனால ஹியூமானிட்டீஸ் எடு, ஒன்னு மட்டும் எடு. பட்டியல்ல தர்க்கவியல் இருந்தா அது

தாத்தா [9:52]: பூலோட புத்தகம் 1854. இது எனக்குத் தெரியாமப் போச்சே

ரவி [9:58]: இப்பதான் பாக்கறேன். நிலா சொன்னதோட ஒன்னு சேத்துக்கறேன். எலக்ட்ரோமேக்னடிக்ஸையும் (மின்காந்தவியல்) கடைசிக்கு ஒதுக்காத கவின். எங்க பவர் லைன்ல வேலை செய்யறவங்களுக்கும் ஆன்டெனா பக்கம் போறவங்களுக்கும் அதுல வர்ற மேக்ஸ்வெல் சமன்பாடுகள்தான் ஆதாரம். இப்பவே துறை முடிவு பண்ண வேண்டாம், ஆனா எந்தக் கதவையும் சாத்தாத

சுமதி [9:59]: ரவி, இந்தப் பட்டம் வெளிநாட்லயும் செல்லுமா?

ரவி [10:03]: அண்ணி, கல்லூரி பேரை விட அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் இருக்கான்னு பாக்கணும். 1989ல வாஷிங்டன் ஒப்பந்தம்னு ஒன்னு போட்டாங்க. அதுல சேந்த நாடுகளோட அமைப்புகள் பொறியியல் படிப்புக்குக் குடுக்கற அங்கீகாரத்தை ஒருத்தருக்கொருத்தர் ஏத்துக்கறாங்க. அமெரிக்கால படிப்புகளுக்கு அங்கீகாரம் குடுக்கற ஏபெட் அமைப்போட விதியைப் பாத்தா, கணக்கும் அடிப்படை அறிவியலும் குறைஞ்சது 30 செமஸ்டர் கிரெடிட், பொறியியல் 45, முடிவுல பெரிய வடிவமைப்பு அனுபவம் ஒன்னு. கணக்கைத் தாண்டிப் போக எங்கயும் வழியில்ல

கவின் [10:05]: சரி சித்தப்பா. அக்கா, ஆனா எதுக்குன்னு இன்னும் புரியல

நிலா [10:07]: லேப் கிட் கையில இருக்கா? 100 கிலோ ஓம் ரெசிஸ்டர், 100 மைக்ரோஃபாரட் அலுமினிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர், 5 வோல்ட் சப்ளை. தொடர்ல மாட்டு. கெப்பாசிட்டர்ல பட்டை போட்ட கால் நெகட்டிவ், மாத்திடாத. மாட்றதுக்கு முன்னாடி அதே ரெசிஸ்டர் வழியா முழுசா டிஸ்சார்ஜ் பண்ணிடு. மல்ட்டிமீட்டரை கெப்பாசிட்டர் குறுக்க வச்சு, சப்ளை ஆன் பண்ணி 10 வினாடி எண்ணு. ரெசிஸ்டரையும் கெப்பாசிட்டரையும் பெருக்கினா வர்ற நேரம் அந்த 10 வினாடி. அப்ப 3.16 வோல்ட் வரணும், அதாவது 5ல 63 சதவீதம்

கவின் [10:24]: 2.90தான் வருது. மூணு தடவை பாத்துட்டேன். தப்பா மாட்டிட்டேனா?

நிலா [10:26]: இல்ல, சரியாதான் மாட்டிருக்க. அந்த வகைக் கெப்பாசிட்டர்ல பொதுவா கூட்டியோ குறைச்சோ 20 சதவீதம் வித்தியாசம் இருக்கலாம். மேல 100னு போட்டிருந்தாலும் உள்ள 100 இருக்காது. நிகழ்தகவும் புள்ளியியலும் ஏன் கட்டாயப் பாடம்னு இப்பத் தெரியுதா? லட்சம் போர்டு செய்யும்போது ஒவ்வொன்னும் இப்படி வேற வேறயாதான் இருக்கும்

தாத்தா [10:28]: கவின், 5 வினாடிக்கு ஒரு தடவை அளந்து எழுதி அனுப்பு. சப்ளை சரியா எத்தனைன்னும் சொல்லு

சேகர் [10:29]: அப்பா, மணி பத்தரை ஆச்சு

தாத்தா [10:29]: ஆகட்டும்

கவின் [10:37]: சப்ளை 5.00
5 வினாடி 1.76
10 வினாடி 2.90
15 வினாடி 3.64
20 வினாடி 4.12

தாத்தா [10:46]: ஒவ்வொன்னையும் 5லேர்ந்து கழிச்சேன். 3.24, 2.10, 1.36, 0.88. இப்ப ஒவ்வொன்னையும் அதுக்கு முந்தினதால வகுத்துப் பாரு

கவின் [10:48]: 0.648, 0.648, 0.647. தாத்தா எல்லாம் ஒன்னாவே இருக்கு!!

தாத்தா [10:53]: பெருக்குத் தொடர். மீதி எவ்வளவு இருக்கோ அந்த விகிதத்துலதான் குறையும். அதைத்தான் அந்தச் சமன்பாடு சொல்லுது. கரும்பலகைல எத்தனையோ தடவை எழுதியிருக்கேன், ஒரு மீட்டர்ல ஓடி இன்னிக்குதான் பாக்கறேன்.

5ஐ 0.648ஓட இயல் மடக்கையால வகுத்தா, குறியை விட்டுட்டு, 11.5 வினாடி. அதுதான் உன்னோட நேர மாறிலி, நிலா சொன்ன 63 சதவீதத்துக்கு ஏற எடுத்துக்கற நேரம்

நிலா [10:55]: அப்படின்னா 11.5ஐ 100 கிலோ ஓமால வகுத்தா கெப்பாசிட்டர் கிட்டத்தட்ட 115 மைக்ரோஃபாரட். 20 சதவீதத்துக்குள்ளதான். தாத்தா, இதைத்தான் எங்க முதல் லேப்ல மூணு மணி நேரம் செய்வாங்க

சுமதி [10:57]: மாமா, தினம் அரை மணி நேரம் அவனுக்குச் சொல்லித் தரீங்களா?

தாத்தா [10:58]: கேக்கணுமா சுமதி. காலைல 6 மணிக்கு வீடியோ கால் போடச் சொல்லு

நிலா [11:00]: கவின், பதிவு பண்றப்ப நீ சேர்ந்த வருஷத்துக் கையேட்டை வச்சுப் பாரு. இணையதளத்துல முதல்ல வர்றது இந்த வருஷத்துது. உனக்குப் பொருந்தறது நீ சேர்ந்தப்ப இருந்த விதி. ஆலோசகர் எது சொன்னாலும் மெயில்ல எழுதி வாங்கிக்க

கவின் [11:14]: டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ், சர்க்யூட்ஸ், டிஜிட்டல் லாஜிக், இயற்பியல் 2, தர்க்கவியல். 17 கிரெடிட். பதிவு பண்ணிட்டேன்

கவின் [11:15]: தாத்தா, கிட்ல 220 மைக்ரோஃபாரட் ஒன்னு இருக்கு. காலைல அதையும் அளக்கலாமா?

தாத்தா [11:15]: அளக்கலாம். நோட்டு வச்சுக்க