உதவி: விரிசல் விட்ட சாஃப்ட்வேர் சிடியை காப்பி எடுத்து வைத்தால் தப்பா?

பத்திரிகைக்காரன்:
சிவகாசியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறேன். 2004-ல் பில் போட்டு வாங்கின தமிழ் டிடிபி சாஃப்ட்வேரில்தான் இன்றைக்கும் வேலை ஓடுது. விற்றவர் கடையை எப்போதோ மூடிட்டார். நேற்று சிடியைத் துடைக்கும்போது பார்த்தேன், நடு ஓட்டையிலிருந்து நகக்கீறல் மாதிரி ஒரு விரிசல். ஐஎஸ்ஓ (முழு சிடியையும் ஒரே ஃபைலாக எடுக்கும் நகல்) எடுத்து வைக்கலாம்னு உட்கார்ந்தால் உறையில் "எவ்வகையிலும் நகலெடுக்கக் கூடாது"ன்னு போட்டிருக்கு. பக்கத்துக் கடைக்காரர் ஜெயில்னு பயமுறுத்துறார். என்ன செய்ய?

விதி52:
தாராளமா எடுங்க சார். பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52(1)(ஏஏ). முறையா வாங்கி வைத்திருப்பவர், தொலைந்தோ கெட்டோ போனால் கைகொடுக்க பேக்கப் எடுப்பது உரிமை மீறல் ஆகாது. ஓட்டுவதற்காக ஹார்டு டிஸ்கில் ஏற்றுவதும் இதே பிரிவில்தான் வருது. உறையில் இருப்பது அவர்கள் போட்ட நிபந்தனை. அதை வைத்து ஒப்பந்தத் தகராறு வேண்டுமானால் கிளப்பலாம், பதிப்புரிமைக் குற்றம் ஆக்க முடியாது. அந்தப் பழைய பில்லை மட்டும் பத்திரப்படுத்துங்க. முறையா வாங்கினீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

சிடி வைத்தியர்:
விரிசல் நடுவிலா? முழு வேகத்தில் சுற்றினால் டிரைவுக்குள்ளேயே சிதறிடும். வேகத்தை 4எக்ஸுக்குக் குறைத்துட்டு, ஒரே தடவையில் எடுத்துடுங்க.

பத்திரிகைக்காரன்:
நன்றி அண்ணா. அப்படியே தம்பி கடைக்கும் ஒரு காப்பி போட்டுக் கொடுத்துடலாமா?

விதி52:
அது கூடாது. சட்டம் விடுவது உங்க பிரதிக்கு ஒரு காவல் நகல், அவ்வளவுதான். இன்னொரு கடைக்குக் கொடுத்தால் அது திருட்டு நகல். தெரிந்தே அதை ஓட்டினால் தம்பி மேல் அதே சட்டத்தின் பிரிவு 63பி பாயும்: 7 நாளிலிருந்து 3 வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். லாப நோக்கம் இல்லாமல் ஓட்டினவருக்கு மட்டும் நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம். தம்பி தொழிலுக்கு அல்லவா கேட்கிறார்! அவருக்கு ஸ்கிரைபஸ்ங்கிற டிடிபி சாஃப்ட்வேரைப் போட்டுக் கொடுங்க. கட்டற்ற மென்பொருள், எத்தனை கடைக்கு வேண்டுமானாலும் காப்பி எடுக்க அதன் உரிமமே அனுமதிக்குது.

பத்திரிகைக்காரன்:
4எக்ஸில் எடுத்துட்டேன். பாதியில் டிரைவ் கரகரன்னதும் நெஞ்சு அடைத்துப் போச்சு. பழைய எக்ஸ்பி மெஷினில் அந்த ஐஎஸ்ஓவை ஏற்றி ஒரு பத்திரிகையைத் திறந்தேன், ஒரு எழுத்துகூடக் குலையலை. தம்பிக்கு ஸ்கிரைபஸ் இறங்கிட்டிருக்கு.