அட்டிக்கில் இன்சுலேஷன் போட நல்ல ஆள் தெரியுமா?

வணக்கம். டொராண்டோவின் ஸ்காபரோவில் 1960களில் கட்டிய பங்களோ எங்களுடையது. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஓயாமல் ஓடுகிறது, கேஸ் பில்லும் ஏறுகிறது. அப்படியும் மூட்டுவலிக்கார அம்மாவின் அறை சில்லென்றே இருக்கிறது. கூரைக்கு அடியிலுள்ள அட்டிக்கில், சூடு வெளியேறாமல் தடுக்கும் இன்சுலேஷனாகப் பழைய கண்ணாடி நார் நாலைந்து அங்குலம்தான் கிடக்கிறது. அதை ஆர்-60 (சூட்டைத் தடுக்கும் திறனின் அளவு) வரை கூட்ட நினைக்கிறோம். வந்து பார்த்த ஒருவர், அதன் மேலே செல்லுலோஸ் (காகித நார்) தூவினால் போதும் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. விளக்கு, குழாய் போகும் ஓட்டைகளை முதலில் அடைக்காவிட்டால், வீட்டின் ஈரமான சூட்டுக்காற்று மேலேறி, குளிர்ந்த கூரைப் பலகையில் நீராகப் படிந்து பூஞ்சை பிடிக்குமே? கூரையோரக் காற்றுவழிகளையும் மூடிவிடக் கூடாது.

புளோவர் டோர் சோதனை (வாசலில் விசிறி பொருத்தி, காற்று கசியும் இடங்களைக் கண்டுபிடிப்பது) செய்து, கசிவை அடைத்துவிட்டு, அப்புறம் இன்சுலேஷன் போட்டவர்கள் இருக்கிறீர்களா? யாரிடம் செய்தீர்கள், எவ்வளவு ஆனது? பனிக்காலத்துக்குள் முடிக்க வேண்டும். தயவுசெய்து சொல்லுங்கள்.