2011 பெட்ரோல் கார், காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது

வண்டி 2011 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல், 94,000 கி.மீ. ஓடியது. இருப்பது திருமங்கலம் பக்கம். வாரம் ஒருமுறைதான் மதுரைக்கு எடுப்பேன். மூன்று மாதமாகக் காலையில் நாலைந்து முறை சாவியைத் திருப்பினால்தான் உயிர் வருகிறது. ஐடிலிங்கில் உதறல். மைலேஜ் 16-லிருந்து 13. சூடேறிய பிறகு சமர்த்து.

இரண்டு பங்க் மாற்றிப் பார்த்தாயிற்று. ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், ஃப்யூயல் ஃபில்டர் எல்லாம் புதுசு. இன்ஜெக்டரும் சுத்தம் செய்தாயிற்று. பேட்டரி நன்றாகவே இருக்கிறது. மெக்கானிக் கைகாட்டுவது 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோலை.

துபாயில் இருக்கும் மச்சான், "இங்கே 91, 95, 98 என்று ஆக்டேன் பார்த்துப் போடுவோம், நீங்களும் 95 போடுங்க" என்கிறார். (ஆக்டேன் என்பது இன்ஜின் தட்டாமல் பெட்ரோல் எரியும் தரத்தைக் காட்டும் எண்.) அவருக்கு என்ன, சுலபமாகச் சொல்லிவிட்டார். இங்கே இ20-யே 95 ஆக்டேன்தான். என் சந்தேகம் எத்தனால் மேல். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும். ஆனால் எரிசக்தி குறைவால் மைலேஜ் ஆறேழு சதவீதம்தானே இறங்க வேண்டும்? எனக்கு அதைவிடக் கூடுதல்.

இதே வயசு வண்டியில் இந்தத் தொல்லை வந்து சரிசெய்தவர்கள், எந்தப் பாகத்தை மாற்றினீர்கள்: ஃப்யூயல் பம்ப்பா, ரப்பர் ஹோஸா, வேறு ஏதாவதா?