மறு: 'மீடியம் ஃபார்மட்' – நடுத்தரமா, மத்திமமா, இடையா?

அன்பர்களுக்கு வணக்கம். ஒளி விழுகிற பரப்பு வழக்கமான கேமராக்களைவிடப் பெரிதாக இருக்கும் 'மீடியம் ஃபார்மட்' கேமராக்களுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இழையில், கீழ்க்கண்ட கருத்துக்கு என் பதில்.

> மீடியம் ஃபார்மட் = நடுத்தர வடிவம். அகராதிப்படி சரியாகத்தான் இருக்கிறது. இழையை முடித்துக்கொள்ளலாமா?

கொஞ்சம் பொறுங்கள். இந்தக் கேமராக்கள் கொடுக்கிற காசுக்குத் தகுமா என்று ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். 'நடுத்தர வடிவக் கேமரா ஒன்றின் விலை ஐயாயிரம் டாலர்' என்ற வரியை வீட்டில் படித்துக் காட்டினேன். உடனே வந்த கேள்வி: "நடுத்தரமே இவ்வளவு என்றால் உசத்தி எவ்வளவு?"

'நடுத்தரம்' என்றதும் நம் காது தரத்தைத்தான் கேட்கிறது. இழையில் வந்த இன்னொரு பரிந்துரையான 'மத்திமம்' இன்னும் மோசம். பொருத்தம் மத்திமம் என்று ஜோசியர் சொன்னால் பெண்வீட்டார் அடுத்த ஜாதகத்தைப் புரட்டிவிடுவார்கள். 'வடிவம்' வேறு, கணினித் தமிழில் 'கோப்பு வடிவம்' என்று ஊன்றிவிட்டது. இங்கே பேச்சு கோப்பைப் பற்றியல்ல, ஒளி விழுகிற பரப்பின் அளவைப் பற்றி.

அந்த அளவைப் பார்த்துவிட்டால் சொல்லும் விலையும் சேர்ந்தே விளங்கும். 35 மிமீ பிலிம் படத்தின் அளவே கொண்ட 'ஃபுல் ஃபிரேம்' கேமராவில் உணரி (ஒளியைப் பதியும் சில்லு) 36×24 மிமீ, அதாவது 864 சதுர மிமீ. ஃபுஜிஃபிலிமின் மீடியம் ஃபார்மட் வரிசையான ஜிஎஃப்எக்ஸில் 43.8×32.9 மிமீ, ஏறக்குறைய 1,441. ஆக, 'நடு' என்பது 'முழு'வைவிடப் பெரியது! சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் இந்தக் கூத்தில்தான் போய் நிற்போம்.

பிலிம் காலத்தில் குழப்பம் இல்லை. 35 மிமீ சிறியது, 4×5 அங்குலத் தாள் பிலிம் பெரியது, 1901-இல் கோடக் கொண்டுவந்த 120 சுருள் இரண்டுக்கும் நடுவில். அதில் 6×6 (செ.மீ.) என்று சொல்லும் சதுரம் உண்மையில் 56×56 மிமீ, 35 மிமீ படத்தைப் போல 3.6 மடங்கு பரப்பு. இன்று அதே பெயரில் விற்கும் ஜிஎஃப்எக்ஸ் 1.67 மடங்குதான். பெயர் தாத்தாவுடையது, உடம்பு பேரனுடையது.

இந்த 1.67-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2019-இல் சோனி ஏ7ஆர் 4 வந்தது: 61 மெகாபிக்சல். அதே ஆண்டு ஜிஎஃப்எக்ஸ் 100 வந்தது: 102 மெகாபிக்சல். வகுத்துப் பாருங்கள், அதே 1.67. ஏனென்றால் இரண்டிலும் ஒவ்வொரு படப்புள்ளியும் 3.76 மைக்ரான்தான். புள்ளி மேம்பட்டதல்ல, எண்ணிக்கைதான் கூடியிருக்கிறது. ஒரே துளை எண்ணில் (லென்ஸின் எஃப் எண்; அது சிறிதானால் துளை பெரிது) மொத்த ஒளி முக்கால் ஸ்டாப் அளவுக்குக் கூடும்; ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு ஒளி. ஆனால் ஃபுல் ஃபிரேமில் எஃப் 1.2 லென்ஸ்கள் கிடைக்கின்றன. ஜிஎஃப்எக்ஸின் 80 மிமீ எஃப் 1.7 லென்ஸை அந்தக் கணக்குக்கு மாற்றினால் 63 மிமீ, எஃப் 1.35 அளவில்தான் வரும். பின்னணி மங்கலுக்காக இதை வாங்குகிறவர் ஏமாறுவார்.

பிறகு எதற்குத்தான் காசு? பெரிய சில்லுக்கு. வட்டத் தாம்பாளத்தில் ஊற்றிய மைசூர்பாகில் துண்டு போடுவதுபோல்தான் சிலிக்கான் தட்டில் உணரி வெட்டுவதும். துண்டு பெரிதாகப் பெரிதாக ஓரத்தில் வீணாவது கூடும், ஒரு பழுது விழுந்தால் போகும் துண்டும் பெரியது. ஃபேஸ் ஒன் நிறுவனத்தின் 150 மெகாபிக்சல் மீடியம் ஃபார்மட் கருவியில் உணரி 53.4×40 மிமீ. விலை ஐம்பதாயிரம் டாலரை ஒட்டி!

ஃபுஜி பக்கம் நிலைமை மாறிவிட்டது. 2019-இல் 9,999 டாலருக்கு வந்த 102 மெகாபிக்சல், 2024-இல் ஜிஎஃப்எக்ஸ் 100எஸ் 2 வழியாக 4,999 டாலருக்கு இறங்கியது. அதனால் 'பணக்காரர் பொம்மை' என்று இழையில் ஒருவர் எழுதியதை அப்படியே ஏற்க மாட்டேன். ஓவியங்களை நகலெடுப்பவர்கள் இருக்கிறார்களே. ரெம்பிராண்ட் 1642-இல் தீட்டிய 'நைட் வாட்ச்' ஓவியத்தை ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் ஹாசல்பிளாட் மீடியம் ஃபார்மட் கருவியால் 8,439 துண்டுகளாகப் படமெடுத்துத் தைத்து, 2022-இல் 717 ஜிகாபிக்சல் படமாக வெளியிட்டது. அந்த வேலைக்கு யாரும் விலை கேட்க மாட்டார்கள். எனக்கோ நண்பர் ஒருவர் ஜிஎஃப்எக்ஸை ஒரு வாரம் கொடுத்தார். 12×18 அங்குல அச்சில் என் பழைய கேமராவுக்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு மூலக்கோப்பும் சுருக்காமல் 200 எம்பியைத் தாண்டியது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். என் முன்மொழிவு 'இடைச்சட்டகம்'. சிறுசட்டகம், இடைச்சட்டகம், பெருஞ்சட்டகம் என்று மூன்றும் ஒரே வரிசையில் நிற்கும். வல்லினம், மெல்லினம், இடையினம் படித்த எவரும் இடையினத்தை மட்டமான எழுத்து என்று நினைப்பதில்லை.

————

தம்பிக்கு,

விளக்கம் நன்று. ஆனால் 'தலை, இடை, கடை' என்றும் ஒரு வரிசை உண்டே? அதில் இடை இரண்டாந்தரம்தான். சொல்லை எதிர்க்கவில்லை, நினைவூட்டுகிறேன்.

நான் ஸ்டூடியோ வைத்திருந்தவன். யாஷிகாவில் 'ஒன் ட்வென்டி' போட்டால் பன்னிரண்டு படம். மீடியம் என்று எங்கள் கடையில் யாரும் சொன்னதில்லை, எண்தான் பெயர். அந்தப் பிலிமுக்குக் காசு கொடுத்ததற்குக் காரணமும் தெளிவு: நெகட்டிவ் பெரிதாக இருந்தால்தான் பென்சில் பிடித்து முகத்தில் டச்சிங் செய்ய முடியும். பரு, தழும்பு எல்லாம் அங்கேயே மறையும். 35 மிமீ நெகட்டிவில் பென்சில் முனை வைத்தால் பாதி மூக்கு போய்விடும். இன்று திரையில் எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கிக்கொள்ளலாம், அந்தக் காரணம் போய்விட்டது. கல்யாண ஆல்பம் 12×36 அங்குலம், அதிலும் ஒரு விரிப்பில் ஐந்தாறு படம் அடுக்குகிறார்கள். அதற்கு 24 மெகாபிக்சல் தாராளம். என் பேரன் ஜிஎஃப்எக்ஸ் வேண்டும் என்கிறான். லைட்டுக்குச் செலவழி என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

சொல்லோடு எண்ணையும் சேருங்கள். எண் இல்லாவிட்டால் வாங்குகிறவன் 6×6 நினைப்பில் 44×33-ஐ வாங்கிவருவான்.

————

ஐயா, தலை-இடை-கடை எனக்குத் தோன்றவே இல்லை. இருந்தாலும் 'சட்டகம்' ஒட்டும்போது தர வாடை குறைகிறது என்று நினைக்கிறேன். எண் பற்றிச் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். மறுப்பு வராவிட்டால் ஞாயிறன்று நம் சொற்பட்டியலில் இப்படி ஏற்றுவேன்:

இடைச்சட்டகம் – பெ. 35 மிமீ சட்டகத்தைவிடப் பெரியதும் 4×5 அங்குலத்தைவிடச் சிறியதுமான பிலிம் அல்லது உணரிப் பரப்பு. மின்னணுக் கருவிகளுக்கு அளவைச் சேர்த்தே எழுதுக: 44×33 இடைச்சட்டகம், 54×40 இடைச்சட்டகம்.

'ஃபுல் ஃபிரேம்' பாக்கி நிற்கிறது. கேமராவுக்கு இரண்டு லட்சம் கொடுத்தவரிடம் போய் அது சிறுசட்டகம் என்று யார் சொல்வது? அதற்குத் தனி இழை தொடங்குகிறேன். இதிலேயே கலந்தால் பிற்பாடு தேடி எடுக்க முடியாது.