நர்கிஸ் புயலுக்குப் 'பாதுகாக்கும் பொறுப்பு' பொருந்துமா?

கேள்வி: முதுநகர் மாணவி, கடலூர்

அரசியல் அறிவியல் முதுகலைத் தேர்வுக்காக மனிதப் பாதுகாப்பு என்ற பகுதியைப் படித்து வருகிறேன். மக்பூப் உல் ஹக் முன்னின்று உருவாக்கிய 1994ஆம் ஆண்டின் ஐ.நா. மனித மேம்பாட்டு அறிக்கை, பாதுகாப்பு என்ற சொல்லை எல்லைக்கோட்டிலிருந்தும் படைபலத்திலிருந்தும் விலக்கி, உணவு, வருவாய், உடல்நலம், சுற்றுச்சூழல் என்று மனிதரின் அன்றாட வாழ்வுக்குக் கொண்டுவந்தது. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் எங்கள் வீட்டு ஓடுகளைப் பெயர்த்துப் போட்டதையும், பண்ருட்டிப் பக்கத்தில் மாமாவின் முந்திரித் தோப்பு வேரோடு சாய்ந்து கிடந்ததையும் சிறுவயதில் பார்த்தவள் என்பதால், அந்த விளக்கம் எளிதாகவே புரிந்தது. புரியாதது வேறொன்று. 2008 மே மாதம் நர்கிஸ் புயல் மியான்மரின் ஐராவதிக் கழிமுகத்தைத் தாக்கியது. இறந்தோரும் காணாமற்போனோருமாக 1,30,000க்கும் மேற்பட்டோரை அது வாரிக்கொண்டு போனது. அந்நாட்டு ராணுவ ஆட்சியோ வெளிநாட்டு நிவாரணக் குழுக்களை வாரக்கணக்கில் உள்ளே விடவில்லை. ஓர் அரசு தன் மக்களைக் காக்கத் தவறினால் உலக நாடுகள் அப்பொறுப்பை ஏற்க வேண்டும் என்னும் 'பாதுகாக்கும் பொறுப்பு' என்ற கோட்பாட்டைக் காட்டி உதவியை இறக்க வேண்டும் என்றார் பிரான்சின் வெளியுறவு அமைச்சர் பெர்னார் குஷ்னேர். அவர் வாதம் சரியா?

பதில்: லாசுப்பேட்டை, ஓய்வுபெற்ற விரிவுரையாளர்

சட்டப்படி நிற்காது அம்மா. கனடாவின் முயற்சியில் அமைந்த ஆணையம் 2001இல் இக்கோட்பாட்டை முன்வைத்தபோது, ஓர் அரசு இயலாமலோ மனமில்லாமலோ கைவிட்டுவிடும் பேரிடர்களையும் அதில் சேர்த்திருந்தது. 2005 உலக உச்சி மாநாட்டில் நாடுகள் அதை ஏற்றபோது வரம்பு சுருங்கிவிட்டது. இனப்படுகொலை, போர்க்குற்றம், இனச் சுத்திகரிப்பு, மானுடத்திற்கு எதிரான குற்றம் ஆகிய நான்கு மட்டுமே மிஞ்சின. படைபலம் தேவையென்றால் அதுவும் பாதுகாப்பு மன்றத்தின் வழியாகத்தான். அந்த ஆவணத்தின் 138, 139ஆம் பத்திகளை ஒருமுறை நேரடியாகப் படித்துவிடுங்கள். வழிகாட்டி நூல்களை நம்பினால் இரண்டு ஆண்டுகளும் குழம்பிப்போகும். நிவாரணத்தை வேண்டுமென்றே மறுப்பது மானுடத்திற்கு எதிரான குற்றமே என்று வாதிட்டவர்களும் இருந்தார்கள். நடைமுறையில், மே 23 அன்று ஐ.நா. பொதுச்செயலர் பான் கி மூன் மியான்மரின் ராணுவத் தலைவர் தான் ஷ்வேயை நேரில் சந்தித்த பிறகு, தென்கிழக்காசிய நாடுகளின் ஆசியான் அமைப்பின் வழியாகவே கதவு திறந்தது.

பதில்: தேவனாம்பட்டினத்தான்

ஐயா சொன்ன சட்டம் சரி. ஆனால் உதவியை மறுக்கும் அரசுகளெல்லாம் ஒன்றல்ல. 2004 சுனாமியின்போது இந்திய அரசும் வெளிநாட்டு அரசுகளின் உதவியை முதலில் வேண்டாம் என்றது. அதே நாட்களில் நம் கப்பல்கள் இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் நிவாரணம் கொண்டுபோயின. கரையில் இருந்த எங்களுக்குச் சோறும் தார்ப்பாயும் வந்து சேர்ந்ததால், அந்த மறுப்பு எங்களை வருத்தவில்லை. வராமல் போயிருந்தால், நாட்டின் இறையாண்மை என்ற சொல் எங்கள் காதில் வேறு மாதிரி விழுந்திருக்கும்.

இன்னொன்று. நாமும் ஒப்புதலின்றி இறக்கியவர்கள்தாம். 1987 ஜூன் 3 அன்று யாழ்ப்பாணத்துக்கு இந்தியா அனுப்பிய நிவாரணப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாளே இந்திய விமானப்படையின் சரக்கு விமானங்கள், மிராஜ் போர் விமானங்களின் துணையோடு யாழ்ப்பாணத்தின் மேல் பறந்து, சுமார் 25 டன் பொருள்களை இறக்கின. 'பூமாலை' என்று அந்த நடவடிக்கைக்குப் பெயர்.

பதில்: நெய்வேலி வாசகர்

அந்த 25 டன்னைச் சற்றுக் கணக்குப் போடுங்கள். முழுவதும் அரிசியென்றே வைத்து, ஆளுக்கு அரைக் கிலோ கொடுத்தாலும் 50,000 பேருக்கு ஒருநாள் சாப்பாடு. பசியாற்றுவதைவிடக் கொழும்புக்குச் சேதி சொல்வதே அதன் முதல் வேலை. அதே ஆண்டு ஜூலை 29 அன்று இந்திய–இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. லிபியாவிலும் அப்படித்தான். 2011இல் குடிமக்களைக் காக்க என்று பாதுகாப்பு மன்றம் நிறைவேற்றிய 1973ஆம் எண் தீர்மானம் ஆட்சிக் கவிழ்ப்பில் முடிந்தது. வாக்கெடுப்பில் ஒதுங்கி நின்ற ஐந்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

ஆயினும் தலையீடே கூடாது என்று முடிவுகட்ட ருவாண்டா விடவில்லை. 1994 ஏப்ரலில் படுகொலை நடந்துகொண்டிருக்கும்போதே, சுமார் 2,500 பேர் கொண்ட ஐ.நா. படையை 270 ஆகக் குறைக்கப் பாதுகாப்பு மன்றம் முடிவெடுத்தது. அங்கே நடந்த பிழை நுழைந்தது அன்று, விலகியது.

மாணவி: அனைவருக்கும் நன்றி. 1987 நிகழ்வைப் பாதுகாக்கும் பொறுப்புக்கு எடுத்துக்காட்டாக விடைத்தாளில் எழுதலாமா ஐயா?

விரிவுரையாளர்: வேண்டாம் அம்மா. அந்தச் சொல் பிறந்ததே 14 ஆண்டுகள் கழித்துத்தான். 'மனிதாபிமானத் தலையீடு' என்ற தலைப்பின்கீழ் எழுதுங்கள். நெய்வேலி நண்பர் சொன்ன ஜூலை 29ஐயும் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.