மேற்கு பார்த்த 11 அடி மூலை ஜன்னல்: திரைச்சீலையா, பிளைண்டா? ஆலோசனை தேவை

உறையூர் வாசகி (கேள்வி)

வணக்கம். திருச்சி உறையூரில் நாங்கள் புதிதாகக் கட்டிய வீட்டின் முதல் மாடிக் கூடத்தில், மேற்குச் சுவரில் 11 அடி அகலமும் 6 அடி உயரமும் கொண்ட யுபிவிசி ஸ்லைடிங் ஜன்னல் வைத்திருக்கிறோம். அது மூலையில் திரும்பி வடக்குச் சுவரிலும் 3 அடி நீள்வதால், மேலிருந்து பார்த்தால் 'ட' என்ற எழுத்தைப் போலத் தெரியும். பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு கூடத்தில் உட்கார முடியவில்லை. சோபாவின் துணியும் வெளுக்கத் தொடங்கிவிட்டது.

திரை மாட்டுவதற்குத் தடையாக இருப்பவை இவை. கிரில் உள்பக்கமாக உள்ளது. சுவரைவிட இரண்டு அங்குலம் முன்னால் துருத்திக்கொண்டிருக்கிறது. ஜன்னலுக்கு மேலே நான்கு அங்குலம் மட்டுமே சுவர் இருக்கிறது. அதற்கு மேல் இரண்டு சுவர்களிலும் பீம் ஓடுகிறது. அதுவும் சுவரைவிட நான்கு அங்குலம் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிறது. பீமுக்கு மேலே ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. கடையில் ஜீப்ரா பிளைண்ட் (துணிப்பட்டையும் மெல்லிய பட்டையும் மாறி மாறி வரும், சுருட்டி ஏற்றும் மறைப்பு) போடும்படி சொல்கிறார்கள். என் மாமியார் கனமான திரைச்சீலையே போதும் என்கிறார். எது சரி என்று விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கட்டடப் பொறியாளர்

வணக்கம் அம்மா. உங்கள் வீட்டில் இரண்டு வேறு பிரச்சினைகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. ஒன்று வெயில், மற்றொன்று மறைப்பும் அழகும். இவை இரண்டையும் ஒரே பொருளால் தீர்க்க முயன்றால் பணமும் செலவாகும், வெப்பமும் குறையாது என்பதே என் கருத்து.

முதலில் வெயிலைப் பற்றிச் சொல்கிறேன். ஜன்னலுக்கு மேலே வெளிப்பக்கம் நீட்டியிருக்கும் சன்ஷேடு, தெற்குப் பார்த்த ஜன்னலுக்கு நன்றாக உதவும். மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு உதவாது, ஏனென்றால் அந்த நேரத்தில் சூரியன் தாழ்ந்துவிடுகிறது. திருச்சியில் ஏப்ரல் மாதம் மாலை நான்கு மணிக்கு, 2 அடி நீட்டிய சன்ஷேடு அதற்குக் கீழே ஏறத்தாழ ஒன்றரை அடிக்கும் குறைவாகவே நிழல் தரும். ஐந்து மணிக்கு அது ஓர் அடிகூட இருக்காது. அதாவது உங்கள் ஆறடி ஜன்னலின் பெரும்பகுதி நேர்வெயிலில்தான் நிற்கிறது. மேலும் மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை சூரியன் நேர்மேற்கில் மறையாமல் சற்று வடக்கே தள்ளி மறைவதால், கோடையின் மாலை வெயில் உங்கள் வடக்குப் பக்கத்து 3 அடிக் கண்ணாடி வழியாகவும் உள்ளே வரும். அந்தச் சிறிய பகுதியை அலட்சியம் செய்துவிடாதீர்கள்.

கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயில், திரையையும் தரையையும் சூடாக்குகிறது. அவை திருப்பி உமிழும் வெப்பத்தைக் கண்ணாடி எளிதில் வெளியே விடுவதில்லை. எவ்வளவு கனமான துணியாக இருந்தாலும் அது கண்ணாடிக்கு உள்பக்கம் தொங்கும்வரை, வெப்பத்தின் ஒரு பகுதி கூடத்துக்குள் வந்தே தீரும். ஆகவே வெளிப்பக்கத்தில் தடுப்பதுதான் முதல் வேலை. சன்ஷேடின் அடியில் கொக்கிகள் பொருத்தி, சுருட்டி ஏற்றக்கூடிய மூங்கில் தட்டிகளைத் தொங்கவிடுங்கள். 11 அடிக்கு ஒரே தட்டி வேண்டாம். எடை தாங்காமல் நடுவில் தொய்யும், ஏற்றி இறக்கவும் சிரமம். ஜன்னலின் சட்டங்கள் பிரியும் இடத்துக்கு ஏற்ப மூன்றாகப் பிரித்து, வடக்கே தனியாக ஒன்று போடுங்கள். ஆடிக்காற்றில் அவை கண்ணாடியில் மோதாமல் இருக்க, கீழ்முனையை இருபுறமும் சுவரில் கட்டுவதற்கு வளையங்கள் தேவை. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுருட்டி வைத்துவிட்டால் பூஞ்சை பிடிக்காது.

ஜீப்ரா பிளைண்டை இந்த இடத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பட்டைகளை மாற்றி மாற்றி வெளிச்சத்தைக் கட்டுப்படுத்துவதற்கு அது நல்ல பொருள்தான். ஆனால் உங்கள் தேவை அதுவன்று. மேலும் 'ட' வடிவ மூலையில் இரண்டு பிளைண்டுகள் சந்திக்கும் இடத்தில் ஒரு வெளிச்சக் கோடு எப்போதும் இருந்துகொண்டே இருக்கும்.

திரைச்சீலைத் தையலர்

பொறியாளர் ஐயா சொன்னதோடு உடன்படுகிறேன். உள்பக்கத்துக்குத் திரைச்சீலைதான் ஏற்றது. ஆனால் துணியின் மேல்விளிம்பில் வளையங்கள் பதித்துக் கம்பியில் மாட்டும் ஐலெட் வகை வேண்டாம். 11 அடிக் கம்பிக்கு நடுவில் ஒரு பிராக்கெட் கொடுக்காவிட்டால் அது வளைந்துவிடும். கொடுத்தாலோ ஐலெட் வளையம் அதைக் கடந்து போகாது. திரையைத் தாங்கும் உருளைகள் உள்ளே ஓடும் டிராக் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. அதன் பிடிமானங்கள் மேலே இருப்பதால் உருளைகள் தடையின்றி ஓடும். மூலையில் வளைத்தும் தருகிறார்கள்.

துணிக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஜன்னல் முடியும் இடத்தோடு நிறுத்தாமல் வெளி முனைகளில் ஓர் அடி கூடுதலாக மூடினால்தான் பக்கவாட்டு வெயில் தடைபடும். அப்படிப் பார்த்தால் மேற்கே 12 அடி, வடக்கே 4 அடி. மடிப்பு நிறைவாக விழுவதற்கு இரண்டு மடங்கு துணி வேண்டும். 54 அங்குல அகலத் துணியில் ஓரத் தையல் போக நான்கு அடிக்குச் சற்று மேல் நிற்கும். ஆகவே மேற்குக்கு ஆறு பாகங்கள், வடக்குக்கு இரண்டு. பீமிலிருந்து தரை வரை எட்டரை அடி என்று வைத்துக்கொண்டால், மேல் மடிப்புக்கும் கீழ் மடிப்புக்கும் ஓர் அடி சேர்த்து மொத்தம் ஏறத்தாழ 24 மீட்டர் துணியும் பின்பக்கம் வைத்துத் தைக்க அதே அளவு லைனிங் துணியும் ஆகும். கண்ணாடியைப் பார்க்கும் லைனிங் வெள்ளையாகவோ வெளிர் நிறமாகவோ இருக்கட்டும். அது வெயிலைத் திருப்பி அனுப்பும், முன்பக்கத் துணியின் சாயமும் காப்பாற்றப்படும்.

உறையூர் வாசகி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. டிராக்கை எங்கே பொருத்துவது என்பதுதான் இப்போது என் குழப்பம். ஃபால்ஸ் சீலிங்கில் மாட்டலாம் என்று தச்சர் சொல்கிறார். பீமின் அடியில் துளையிடலாமா?

கட்டடப் பொறியாளர்

இரண்டும் வேண்டாம் அம்மா. ஜிப்சம் பலகை இவ்வளவு துணியின் எடையைத் தாங்காது. குழந்தை ஒருமுறை பிடித்து இழுத்தாலே பெயர்ந்துவிடும். பீமின் அடிப்பகுதியிலோ முக்கியமான இரும்புக் கம்பிகள் ஓடுகின்றன. அங்கே துளையிடுவதைத் தவிர்ப்பதே முறை. கூடத்தைப் பார்த்திருக்கும் பீமின் பக்கவாட்டில், அடி விளிம்பிலிருந்து மூன்று நான்கு அங்குலம் விட்டு, பிளாஸ்டிக் பிளக் வைத்துப் பிராக்கெட்டுகளைப் பொருத்துங்கள். துளை இரண்டு அங்குலத்துக்குமேல் ஆழமாக வேண்டாம். துளையிடும்போது இரும்பு தட்டுப்பட்டால் அதோடு மல்லுக்கட்டாமல் ஓர் அங்குலம் தள்ளிப் போடச் சொல்லுங்கள்.

உங்களுக்குத் தடையாகத் தோன்றிய பீம் இங்கே உதவியாக மாறுகிறது. அது நான்கு அங்குலம் முன்னால் நிற்பதால், அதில் தொங்கும் திரை கிரிலில் உரசாமல் விழும். திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே சூடாகும் காற்று மேலெழுந்து கூடத்துக்குள் வழிவதையும் பீமின் அடிப்பாகம் ஓரளவு தடுத்துவிடும்.

குழந்தை மருத்துவமனைச் செவிலியர்

ஒரு வேண்டுகோள், சகோதரி. மூங்கில் தட்டியின் இழுகயிற்றை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து தொங்கவிடாதீர்கள். பிளைண்டுகளின் சங்கிலியும் இழுகயிறும் சிறு குழந்தைகளின் கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்து உண்மையானது. பெரியவர்கள் அதே வீட்டில் இருக்கும்போதே ஓசையில்லாமல் நேர்ந்துவிடும். கயிற்றைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் கொக்கியில் சுற்றிக் கட்டுங்கள். ஜன்னலை ஒட்டிச் சோபாவோ கட்டிலோ இருந்தால் இன்றே நகர்த்திவிடுங்கள்.

உறையூர் வாசகி

சோபா ஜன்னலை ஒட்டித்தான் இருக்கிறது, நகர்த்திவிடுகிறேன். இந்த மாதம் வெளித் தட்டிகளை மட்டும் போட்டுவிட்டு, திரைச்சீலையை இரண்டு மாதம் கழித்துத் தைக்கலாமா? இரவில் விளக்கைப் போட்டால் எதிர்வீட்டுக்கு எல்லாம் தெரிகிறது என்பது மட்டுமே சங்கடம்.

கட்டடப் பொறியாளர்

தாராளமாகச் செய்யலாம், வரிசையும் அதுதான். இரவில் தட்டிகளைக் கீழே இறக்கி வையுங்கள். மூங்கில் இடுக்குகள் வழியே உருவங்கள் மங்கலாகத் தெரியும் என்பதால், அதுவரை கீழ்ப்பாதிக்கு மட்டும் ஒரு பருத்தித் துணியைக் கிரிலில் கட்டிக்கொள்ளலாம். சன் ஃபிலிம் ஒட்டச் சொல்லி யாராவது வந்தால் அவசரப்பட வேண்டாம். வெயிலை உறிஞ்சும் வகைப் படலம் சாதாரணக் கண்ணாடியைச் சூடாக்கும். வெயிலும் நிழலும் சேரும் ஓரத்தில் விரிசல் விடக்கூடும். உங்களுடையது டஃபன்டு (சூடேற்றி வலுவூட்டிய) கண்ணாடியா என்று ஜன்னல் பொருத்தியவரிடம் கேட்ட பிறகே முடிவெடுங்கள்.

திரைச்சீலைத் தையலர்

இரண்டு மாதம் கழித்துத் தைப்பது ஒருவகையில் நல்லது, அம்மா. டிராக்கைப் பொருத்திய பிறகு அதிலிருந்து தரை வரை இரண்டு முனைகளிலும் நடுவிலும் மூலையிலும் தனித்தனியாக அளந்து வாருங்கள். புது வீடானாலும் தரைமட்டம் சிறிது மாறியே இருக்கும். இருப்பதில் குறைந்த அளவை எடுத்து, அதிலும் அரை அங்குலம் கழித்துத் தைத்தால் திரை தரையைத் துடைக்காது. பருத்தித் துணியாக இருந்தால் வெட்டுவதற்கு முன்பே ஒருமுறை நனைத்துக் காயவையுங்கள். லைனிங்கையும் அப்படியே செய்யுங்கள். இல்லையென்றால் முதல் சலவையில் ஒன்று சுருங்கி மற்றொன்று தொங்கும்.