தாத்தாவின் வால்வு ரேடியோ: சரி செய்யலாமா, அப்படியே வைக்கலாமா?

வணக்கம். மதுரையில் தாத்தா வீட்டைக் காலி செய்தபோது அவருடைய பிலிப்ஸ் வால்வு ரேடியோ (டிரான்சிஸ்டருக்கு முந்தைய, கண்ணாடிக் குழாய்களால் இயங்கும் செட்) என் பங்குக்கு வந்தது. முன்பக்கத் துணி ஓரத்தில் கிழிந்திருக்கிறது, முள்ளை நகர்த்தும் நூல் அறுந்துவிட்டது. சாயங்காலமானால் இலங்கை வானொலிக்காகத் திருகித் திருகியே குமிழின் ஒரு பக்கம் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. அந்த இடத்தில் மட்டும் யாரையும் கை வைக்க விடமாட்டேன்.

இன்னும் கரண்டில் போடவில்லை. பழைய கெப்பாசிட்டர்கள் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் சிறு பாகங்கள்) வழியாக மின்சாரம் கசிந்தால் டிரான்ஸ்பார்மரே போய்விடும், முதலில் அவற்றை மாற்ற வேண்டும் என்பது வரை தெரியும். உள்ளே ஈஎல் 84, ஈஇசட் 80 வகை வால்வுகள் உடையாமல் இருக்கின்றன. பக்கத்துக் கடைக்காரர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ப்ளூடூத் போர்டு வைத்துத் தருகிறேன் என்றார். மனம் வரவில்லை. அம்மாவோ, "அது பாடுனாத்தான் அப்பா பக்கத்துல இருக்கிற மாதிரி இருக்கும்" என்கிறார்.

மதுரை, திண்டுக்கல் பக்கம் வால்வு செட் பார்ப்பவர்கள் யாராவது இருக்கிறார்களா? 400 வோல்ட் தாங்கும் கெப்பாசிட்டர் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்குமா? அப்புறம், செலவு தோராயமாக எவ்வளவு ஆகும்? மீடியம் வேவில் ஒரே ஒரு நிலையம் தெளிவாகக் கேட்டாலே போதும். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.